திறந்தால் நிற்காத கதவு: கிராஞ்சிச் சூழலில் பழைய கார்களின் டோர் செக் பழுதும் சீரமைப்பும்

1. பொருளும் எல்லையும்

பழைய காரின் கதவை அகலத் திறந்துவிட்டு இறங்கும்போது, அது தானாகத் திரும்பி வந்து காலில் இடிக்கும். மழையில் குடையை விரிப்பதற்குள் மூடிக்கொள்ளும். வயதானவர் ஒருவர் கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்தால், பிடித்த கதவே நகர்ந்துபோய் அவரைத் தடுமாற வைக்கும். பிரேக், எஞ்சின், கியர் என்று பார்த்துப் பார்த்துச் செலவு செய்யும் உரிமையாளர்கள்கூட இதை ஒரு குறையாக எண்ணுவதில்லை. 'பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்' என்று காலால் அண்டை கொடுத்துப் பழகிவிடுகிறார்கள்.

இக்கட்டுரை அந்தப் பழக்கத்தை மறுக்கிறது. திறந்த கதவைப் பிடித்து நிறுத்தும் உறுப்பான டோர் செக் எவ்வாறு வேலை செய்கிறது, ஏன் தேய்கிறது, எந்த வரிசையில் சரிசெய்ய வேண்டும் என்பவை இங்கே ஆராயப்படுகின்றன. டோர் செக்கை எவ்வளவு வலுவாக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் செக் பிழைக்கும், காரின் உடல் கிழியும். இதுவே கட்டுரையின் மையக் கருத்து. முன்பக்கம் கீல் வைத்த கதவுகள் மட்டுமே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. இந்தியாவில் 1950களில் ஓடிய ஃபியட் 1100 போல முன்கதவுக்குப் பின்பக்கம் கீல் வைத்த கார்களுக்குக் கணக்கு தலைகீழாகும். அவை தனியே ஆராயத் தக்கவை.

2. கிராஞ்சியை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்

சிங்கப்பூரின் வடமேற்கு மூலையில், ஜோகூர் நீரிணையை ஒட்டிக் கிடக்கிறது கிராஞ்சி. ஒருபுறம் நீர்த்தேக்கமும் அணைக்கட்டும், மறுபுறம் சுங்கை பூலோவின் சதுப்புநிலக் காடு, பக்கத்திலேயே சுங்கை காடுட் தொழிற்பேட்டை. மேட்டில் அமைந்த போர் நினைவிடமும் இங்கேதான் இருக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் நகர நெரிசலை விட்டு விலகி ஓட்ட விரும்பினால், கிராஞ்சி வழியாக லிம் சூ காங் பக்கம் போகும் பாதைகளை நாடுவது இயல்பு.

கிராஞ்சிக்கு வரும் சாலைக்குக் கார் வரலாற்றிலும் இடம் உண்டு. தென்கிழக்காசியாவில் ஃபோர்டு நிறுவனத்தின் முதல் கார் பூட்டும் ஆலை 1941இல் அப்பர் புக்கிட் தீமா சாலையில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்தது அந்த ஆலைக் கட்டடத்தில்தான். போருக்குப் பிறகு மீண்டும் கார்கள் பூட்டிய அந்த ஆலை 1980இல் மூடப்பட்டது. அதற்குச் சற்றுத் தள்ளி ஹில்வியூவில் 1965 முதல் சைக்கிள் அண்ட் கேரேஜ் நிறுவனம் மெர்சிடிஸ் கார்களைப் பூட்டியது. பெட்டிகளில் பிரித்து வந்த உடலையும் கதவையும் இந்த மண்ணின் தொழிலாளர்களே கீலில் மாட்டி, இடைவெளி பார்த்து, செக்கைப் பூட்டி வெளியே அனுப்பினார்கள். அப்பர் புக்கிட் தீமா சாலைதான் வடக்கே போகப் போக உட்லண்ட்ஸ் சாலையாகிக் கிராஞ்சியைத் தொடுகிறது. கதவைப் பொருத்தும் கைவேலை இந்த ஊருக்குப் புதிதில்லை என்பதை நாம் மறக்கக் கூடாது.

அப்படிப் பூட்டிய கார்களில் இன்று எஞ்சியவை குறைவு. 1990 மே முதல் நடப்பிலுள்ள வாகன ஒதுக்கீட்டு முறையில் ஒரு காரின் உரிமைச் சான்றிதழ் பத்தாண்டுக்கே செல்லும். புதுப்பிக்காத கார் சாலையை விட்டுப் போய்விடும். 35 ஆண்டு நிரம்பிய கார்களுக்குப் பழம்பெரும் வாகனத் திட்டம் ஒரு வழி திறக்கிறது. ஆனால் அதில் சேர்ந்த காரை ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓட்டலாம். மீதி 320 நாளும் கார் நிற்கும். ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே இந்தக் கார்களுக்கு அதிகம். கிரீஸ் காய்ந்து மெழுகாகிறது. ரப்பர் ஒரே இடத்தில் அமுங்கிக் கல்லாகிறது. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக எண்பது விழுக்காட்டுக்கு மேல். கிராஞ்சியில் இதனோடு உப்பங்காற்றும் சேர்கிறது.

3. டோர் செக்கின் அமைப்பு

கதவைத் திறந்து, மேல் கீலுக்கும் கீழ் கீலுக்கும் நடுவே பார்த்தால் காரின் முன்தூணிலிருந்து ஓர் இரும்புப் பட்டை கிளம்பிக் கதவின் விளிம்பில் உள்ள துளைக்குள் நுழைவது தெரியும். தூணில் அது ஒரு பின்னில் மாட்டப்பட்டிருக்கும். கதவுக்குள், விளிம்புத் தகட்டை ஒட்டி ஒரு சிறிய இரும்புப் பெட்டி இருக்கும். பட்டை அந்தப் பெட்டிக்குள் புகுந்து வெளியேறும். பெட்டிக்குள் பட்டையின் இருபுறமும் இரண்டு ரோலர்கள், அவற்றைப் பட்டையோடு அழுத்தும் ஸ்பிரிங் அல்லது ரப்பர் கட்டை. பட்டை நேராக இராது. ஓரிடத்தில் மேடு, அதையடுத்துப் பள்ளம், மறுபடி மேடு, மறுபடி பள்ளம். ரோலர் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது 'டக்' என்று கேட்கும் ஒலியே கதவு நின்றதற்கு அடையாளம். முதல் பள்ளம் பாதி திறந்த நிலைக்கு, இரண்டாவது முழுதும் திறந்த நிலைக்கு. பட்டையின் கடைசியில் ஒரு முட்டு. கதவு மட்கார்டில் போய் இடிக்காமல் தடுப்பது அது.

எல்லாக் கார்களிலும் இதே அமைப்பு இல்லை. பழைய பிரிட்டிஷ் சிறு கார்கள் சிலவற்றில் தோலாலோ தடித்த துணியாலோ ஆன வார் மட்டும் இருந்தது. அது கதவு அளவுக்கு மேல் போகாமல் தடுக்குமே தவிர, திறந்த நிலையில் பிடித்து நிறுத்தாது. அப்படிப்பட்ட காரில் 'கதவு நிற்கவில்லை' என்று பட்டறைக்குப் போனால் சரிசெய்ய எதுவும் இல்லை. தன் கார் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய அமெரிக்கக் கார்கள் பலவற்றில் செக் தனியாக இராது. கீலிலேயே ஒரு கனத்த ஸ்பிரிங்கும் ரோலரும் சேர்ந்திருக்கும். அந்த ஸ்பிரிங்கை உரிய கருவி இல்லாமல் கழற்றினால் அது தெறித்து முகத்தைக் கிழித்துவிடும். வீட்டில் வைத்துச் செய்யும் வேலை அல்ல அது.

4. விசைக் கணக்கு

4.1 சரிவு

கதவை மூடவைப்பது அதன் சொந்த எடைதான். சமதளத்தில் அந்த எடை கீலில் இறங்கிவிடும். கார் சாய்ந்து நின்றால் எடையின் ஒரு பகுதி கதவைச் சுழற்றத் தொடங்கும்.

மூக்கு மேலே தூக்கியபடி ஏற்றத்தில் நிற்கும் காரில், திறந்த கதவின் நுனி பின்னோக்கி இழுபடும், அதாவது மூடிக்கொள்ளும். கதவு எவ்வளவு அகலத் திறந்திருக்கிறதோ அவ்வளவுக்கு இந்த இழுப்பு கூடும். பக்கவாட்டுச் சாய்வின் கதை வேறு. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி ஓரத்தைத் தாழ்த்தி அமைப்பார்கள். சிங்கப்பூரில் இடதுபக்கம் ஓட்டி இடது ஓரத்தில் நிறுத்துகிறோம். எனவே கார் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும். வலப்பக்கம் உள்ள ஓட்டுநர் கதவு எப்போதும் மேட்டுப்பக்கம்; அதை மூடும் திசையில் ஓர் இழுப்பு இருந்துகொண்டே இருக்கும். இந்த இழுப்பு கதவு கொஞ்சமாகத் திறந்திருக்கும்போது மிகுதி, அகலத் திறந்தால் குறைவு. ஓட்டுநர் கதவு பாதியில் நிற்க மறுக்கிறது, முழுதும் திறந்தால் நிற்கிறது என்று பலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மற்றக் கதவுகளைவிட ஓட்டுநர் கதவே அதிகம் திறந்து மூடப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அதன் செக் முதலில் தேய்வதில் வியப்பில்லை.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. கதவின் எடை 25 கிலோ. எடையின் மையம் கீலிலிருந்து 45 செ.மீ. கார் 3 பாகை ஏற்றத்தில் நிற்கிறது, கதவு அகலத் திறந்திருக்கிறது. மூடும் திருப்புவிசை 5 நியூட்டன்-மீட்டரைச் சற்றுத் தாண்டும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் அது 10 அளவுக்குப் போகும்.

இதைத் தாங்க வேண்டிய செக், கீலின் அச்சிலிருந்து ஏறத்தாழ 7 செ.மீ. தள்ளி வேலை செய்கிறது என்று கொள்வோம். இரண்டு ரோலர்களும் தலா 200 நியூட்டன் விசையோடு அழுத்துகின்றன. பட்டையின் மேடு 25 பாகைச் சரிவில் எழுகிறது. உராய்வை ஒதுக்கிவிட்டால் செக் தாங்கும் திருப்புவிசை சுமார் 13. பத்துக்கு ஒன்று சரிவுக்கும் இது போதும். இப்போது ஸ்பிரிங்கைத் தொடாமல், மேடு மட்டும் தேய்ந்து 10 பாகைச் சரிவாக மழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தாங்கும் திருப்புவிசை 5க்குக் கீழே இறங்கிவிடும். 3 பாகை ஏற்றத்துக்கே போதாது.

ஸ்பிரிங் புதிதுபோல் இருந்தும் கதவு நிற்காததன் காரணம் இதுதான். அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் தேய்மானம் கண்ணுக்குப் படாது. சரிவுக் கோணத்தில் அது பெரிய இழப்பு.

4.2 காற்று

ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்பிருந்து நண்பகலுக்குள், மலாக்கா நீரிணையைக் கடந்து மேற்கிலிருந்து வரும் இடிமழை வரிசையைச் 'சுமத்ரா' என்று சிங்கப்பூரில் அழைப்பார்கள். அதில் மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும். மேற்குப் பார்த்த வெட்டவெளியான கிராஞ்சி அணைப்பக்கம் அது சுவர் எதிலும் மோதாமல் நேரே வந்து சேர்கிறது.

60 கிலோமீட்டர் வேகக் காற்று, 0.8 சதுர மீட்டர் கதவின் மேல் தோராயமாக 130 நியூட்டன் விசையைச் செலுத்தும். அது கீலிலிருந்து அரை மீட்டர் தள்ளிச் செயல்படுவதாகக் கொண்டால் திருப்புவிசை 65. 3 பாகை ஏற்றத்தில் நின்றபோது கிடைத்ததைப்போல் பத்து மடங்குக்கும் மேல். 7 செ.மீ. தொலைவில் இருக்கும் செக்கின் பின் மேல் அது 900 நியூட்டனுக்கு அதிகமாக இறங்கும். தொண்ணூறு கிலோ மனிதர் ஒருவர் அந்தச் சிறு பின்னைப் பிடித்துத் தொங்குவதற்குச் சமம். கதவு வேகமெடுத்து வந்து முட்டில் அடிக்கும் அதிர்ச்சியை இதில் சேர்க்கவில்லை.

காரின் வால் காற்றைப் பார்த்து நின்றால் திறந்த கதவின் உட்புறம் காற்றை வாங்கி முன்னோக்கி வீசப்படும். சுமை முழுவதும் தூணில் மாட்டிய பின்னுக்குப் போகும். மூக்கு காற்றைப் பார்த்து நின்றால் கதவு ஆளின் மேல் அறைந்து மூடும். முதல் நிலையில் காருக்குச் சேதம், இரண்டாவதில் மனிதருக்கு.

4.3 கணக்கு உணர்த்துவது

சரிவுக்கு 10, காற்றுக்கு 65. டோர் செக் முதல் எண்ணைத் தாங்குவதற்கென அமைக்கப்பட்ட உறுப்பு. இரண்டாவது எண்ணைத் தாங்கும்படி அதை வலுவாக்க முடியாது. வலுவாக்கினால் கதவை மூடுவதே பெரும்பாடாகும். ஒவ்வொரு முறை மூடும்போதும் தூணின் தகடு வளைந்து கொடுக்க வேண்டிவரும். தூணின் தகடு ஒரு மில்லிமீட்டர் தடிப்புக்குப் பக்கம். அதுவும் 40 ஆண்டு ஈரம் குடித்த தகடு. காற்றில் கதவைப் பிடிக்க வேண்டியது கைதான். 'கெட்டியான ஸ்பிரிங்காகப் போட்டுவிடுங்கள்' என்று கேட்கும் உரிமையாளரும், கேட்டதும் போட்டுக் கொடுக்கும் பட்டறையும் தூணில் விழப்போகும் விரிசலுக்கு வழி செய்கிறார்கள்.

5. பழுதைக் கண்டறியும் வரிசை

ஆய்வில் முதலில் கைவைக்க வேண்டியது கீல். கதவைப் பாதி திறந்து, அதன் நுனியை இரு கைகளாலும் அடியில் பிடித்து மேலே தூக்க வேண்டும். கீலில் ஆட்டம் தெரிந்தால், அல்லது மூடும்போது பூட்டு அதன் கொக்கியில் ஏறி விழுந்தால், கீல் பின் தேய்ந்து கதவு தொங்கிவிட்டது என்று பொருள். தொங்கிய கதவில் செக்கின் பட்டை பெட்டிக்குள் கோணலாக நுழையும். ஒரு ரோலர் மட்டும் சுமையைத் தாங்கி ஒருபக்கம் தேயும். கீலைப் பார்க்காமல் புது செக் மாட்டினால் அதுவும் அதே வழியில் போய்விடும். இறங்கும்போது கதவின் மேல் முழு எடையையும் போட்டு எழுவது கீலை இப்படித் தேய்க்கும் முதல் காரணம். முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் கையைப் பிடித்து இறக்கினால் கதவும் பிழைக்கும்.

அடுத்து தூண். பின் மாட்டியிருக்கும் இடத்தைச் சுற்றிப் பெயின்டில் மயிரிழைபோல் கோடு ஓடுகிறதா, அதிலிருந்து துருநீர் வடிந்த தடம் உண்டா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் கதவை மெல்ல முழுதும் திறந்து அழுத்த, மற்றவர் அந்த இடத்தில் விரல் வைத்துப் பார்த்தால், விரிசல் கண்ட தகடு மூச்சு விடுவது விரலுக்குத் தெரியும்.

செக்கைப் பார்ப்பது இதற்குப் பிறகுதான். காது இங்கே கண்ணைவிடப் பயன்படும். 'டக்' என்ற ஒலியே இல்லாமல் கதவு வழுக்கிச் சென்றால் ஸ்பிரிங் ஒடிந்திருக்கும் அல்லது ரப்பர் கட்டை இறுகியிருக்கும். ஒலி கேட்டும் நிற்காவிட்டால் மேடு மழுங்கியிருக்கும். கதவை ஆட்டினால் அடியில் ஏதோ உருள்வது கேட்டால், ரோலரின் அச்சு கழன்று கதவுக்குள் விழுந்திருக்கும். அதை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், புதிது கடைவதற்கு அதுதான் அளவு. முறுக்குவது போன்ற கீச்சொலி கேட்டால் பெரும்பாலும் காய்ந்த கிரீஸ் மட்டுமே. சுத்தம் செய்து புது கிரீஸ் வைத்தாலே பாதி வழக்குகள் தீரும் என்பது பட்டறை அனுபவம் உள்ளவர்கள் ஒப்புக்கொள்ளும் செய்தி.

6. சீரமைப்பு

6.1 கழற்றுதல்

கண்ணாடியை முழுதும் மேலே ஏற்றிவிட வேண்டும். இறக்கிய கண்ணாடி செக்கின் பெட்டியை வெளியே எடுக்க இடையூறாகும். கண்ணாடி ஏற்றும் கைப்பிடி, கை வைக்கும் கட்டை, கதவுத் திறப்பின் மூடி ஆகியவற்றைக் கழற்றிய பிறகு கதவின் உட்புறத்தை மூடும் டோர் பேடைச் சுற்றியுள்ள கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கலாம். பழைய டோர் பேடின் அட்டை ஈரத்தில் ஊறி நொறுங்கும் நிலையில் இருக்கும். ஒரே இழுப்பில் எடுத்தால் கிளிப் கதவில் நிற்கும், அட்டை கையோடு வரும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளையும் கிழிக்காமல் உரிக்க வேண்டும்.

செக்கைக் கழற்றுமுன் கதவை ஒரு கயிற்றால் கட்டியாக வேண்டும் அல்லது ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். தூணிலிருந்து பின்னை எடுத்த மறுகணம் கதவுக்கு எல்லை கிடையாது. சற்றே காற்றடித்தாலும் திரும்பிப் போய் மட்கார்டை நசுக்கும். பின்னைத் தட்டி எடுத்து, கதவு விளிம்பில் உள்ள போல்ட்டுகளைக் கழற்றினால் பெட்டியும் பட்டையும் கதவின் உட்புறம் வழியாகக் கைக்கு வரும்.

6.2 கையில் எடுத்த செக்

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தால் அதன் கதை முழுவதும் தெரியும். உருண்டையாக இருக்க வேண்டிய ரோலர் ஒருபக்கம் தட்டையாகியிருக்கும். கிரீஸ் காய்ந்ததும் ரோலர் உருள்வதை நிறுத்திவிட்டது. பட்டை அதன் மேல் அரைத்துக்கொண்டே போயிருக்கிறது. பட்டையின் மேட்டில் பளபளவென்று ஒரு கோடு, அதன் இருபுறமும் கருத்த பழைய கிரீஸ். பின் நுழையும் துளை வட்டமாக இராமல் முட்டை வடிவில் நீண்டிருக்கும். அந்த ஆட்டம் மட்டுமே கதவு நுனியில் விரற்கடை அளவு தொளதொளப்பைத் தரும்.

6.3 மாற்றுவதா, புதுப்பிப்பதா

அசல் உறுப்பு கிடைத்தால் வாங்கிப் போடுவதே நல்லது. கிடைப்பதுதான் அரிது. தேக்காவை ஒட்டிய சுங்கை ரோடு பழைய சாமான் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடப்பட்டது. தரையில் விரித்த பொருள்களில் தேடிப் பார்க்கும் வாய்ப்பு அதோடு போயிற்று. பாலத்தைத் தாண்டி ஜோகூரின் பழைய உதிரிபாகக் கடைகளில் ஜப்பானியக் கார்களின் பாகங்கள் கிடைக்கும். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை வைத்திருப்பவருக்குச் சென்னை ஒரு வழி. அதே காரிலிருந்து பிறந்த அம்பாசடர் 2014 வரை இந்தியாவில் செய்யப்பட்டது. புதுப்பேட்டைக் கடைகளில் கிடைக்கும் அம்பாசடர் பாகங்கள் பொருத்திப் பார்க்கத் தகுந்தவை.

கிடைக்காதபோது புதுப்பிக்கலாம். ரோலரைக் கடைசல் பட்டறையில் பித்தளையிலோ கெட்டி நைலானிலோ கடைந்து வாங்கலாம். என் தேர்வு நைலான். கிரீஸ் காய்ந்தாலும் அது பட்டையை அரிக்காது. தேய வேண்டியிருந்தால் மாற்றுவதற்கு எளிதான ரோலர்தான் தேய வேண்டும், பட்டை அல்ல. மழுங்கிய மேட்டின் மேல் வெல்டிங் வைத்து, எதிர்ப்பக்கக் கதவின் தேயாத பட்டையை அளவாகக் கொண்டு அரம் போட்டு உருவத்தை மீட்கலாம். ஓட்டுநர் கதவு தேய்ந்த கார்களிலும் எதிர்ப்பக்க முன்கதவின் செக் பெரும்பாலும் அதிகம் தேயாமல் இருப்பதால் அளவுக்குப் பஞ்சமில்லை. நீண்ட துளையைப் பெரிதாக்கிப் புஷ் அடித்து, புதுப் பின் போட வேண்டும். ஸ்பிரிங் ஒடிந்திருந்தால் அதே கம்பித் தடிப்பு, அதே சுற்று, அதே நீளம். ஒரு சுற்றுகூடக் கூட்டக் கூடாது என்பதற்கான காரணம் நான்காம் பகுதியில் உள்ளது.

6.4 பூட்டுதல்

பூட்டுமுன் கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் துளைகளைக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும். கண்ணாடியின் ஓரமாக இறங்கும் மழைநீர் வெளியேற இவையே வழி. அடைத்துக்கொண்டால் கதவு உள்ளிருந்து அழுகும். ரோலருக்கும் பட்டைக்கும் லித்தியம் கிரீஸ் போதும். துருவை இளக்கும் ஸ்பிரே எண்ணெயை மட்டும் அடிக்க வேண்டாம். அது இருக்கும் கிரீஸையும் கரைத்துவிட்டு, சில வாரத்தில் தானும் காய்ந்துவிடும். பிளாஸ்டிக் தாளை மீண்டும் நன்றாக ஒட்டிய பிறகே டோர் பேடை மாட்ட வேண்டும். தாள் இல்லாத கதவில் புது டோர் பேடும் அடுத்த மழைக்காலத்தில் ஊறிவிடும்.

சோதனையைப் பட்டறையின் சமதளத்தில் செய்வதில் பயனில்லை. சாலையின் இடது ஓரத்தில் நிறுத்தி ஓட்டுநர் கதவைப் பாதி திறந்து பார்க்க வேண்டும். பிறகு ஏற்றம் ஒன்றில் மூக்கு மேலாக நிறுத்தி முழுதும் திறந்து பார்க்க வேண்டும். இரண்டிலும் நின்று, இரண்டு விரலால் இழுத்தால் மூடிக்கொள்ளும் கதவு சரியான கதவு.

7. தூண் விரிசல் விட்டிருந்தால்

விரிசலின் மேல் புட்டி வைத்துப் பெயின்ட் அடிப்பது இங்கே பரவலாக நடக்கிறது. வண்டியை விற்க நினைப்பவருக்கு அது உதவலாம். வாங்குபவருக்கு அது வஞ்சனை. முறையான வேலை வேறு. பேட்டரி இணைப்பைக் கழற்றி, கால்வைக்கும் பக்கத்துக் கம்பளத்தையும் தூணின் உள்மூடியையும் அகற்ற வேண்டும். தூணுக்குள் ஓடும் ஒயர்களை ஒதுக்க வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் சிறு துளையிட்டால் அது மேலும் ஓடாது. துருவைச் சுரண்டி நல்ல தகடு தெரிந்த பிறகு வெல்டிங் வைத்து, பின்புறம் ஒரு கனத்த தகட்டை ஒட்டிச் சுமையைப் பரப்ப வேண்டும். அந்தத் தகடு விரிசலை மட்டும் மூடும் அளவில் இருந்தால் அதன் விளிம்பிலேயே அடுத்த விரிசல் பிறக்கும். கீல் போல்ட்டின் பக்கம் வரை நீண்டிருந்தால் நிலைக்கும்.

இந்த வேலையைச் செக்குக்கு முன்பே முடித்துவிட வேண்டும். கீல், தூண், செக் என்ற வரிசையில் போனால் செலவு ஒருமுறை. திருப்பிப் போட்டால், புது செக்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் வெல்டிங் பிடிக்க நேரும். கழற்றாமல் விட்டால் அந்தச் சூட்டில் புது நைலான் ரோலரும் மிஞ்சாது.